சிவப்புக்கல் மூக்குத்தியைப் படம் எடுத்த கதை

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, குலத்தொழிலான நகைப் பட்டறையில் உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்ற படப்பெட்டியை எப்படியோ தேற்றிக்கொண்டு வந்து, தெற்காவணி மூல வீதிக்குப் பின்சந்தில் இருந்த எங்கள் வீட்டு முற்றத்தில் கடை விரித்துவிட்டார். ஆட்களைப் படம் எடுக்க அவருக்கு ஆசையே இல்லை. எறும்பு, நெல்மணி, மல்லிகை மொட்டு என்று பொடிப்பொடிச் சாமான்களாகத் தேடிப் பிடிப்பார்.

அம்மாவின் மணைப்பலகைதான் மேடை. அதன்மேல் வெள்ளைத் துணி. ஒரு பக்கம் வேட்டியைத் திரையாகக் கட்டி வெயிலைத் தணிப்பார். மறுபக்கம் நான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். பெட்டியின் முன்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் துருத்தியை முழநீளம் இழுத்தால் எறும்பு பெருச்சாளி மாதிரித் தெரியும். என்ன ஒன்று, படம் விழுவதற்காகப் பெட்டிக் கண்ணின் மூடியைத் திறந்து மறுபடி மூடும்வரை வீட்டில் எதுவும் அசையக்கூடாது. மாமா கையைத் தூக்கினால் அம்மா மாவாட்டுவதை நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எதிர்வீட்டில் நகை செய்யும் பத்தர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ரங்கூனில் இருந்த ஒரு வீட்டார், கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்புக்கல் மூக்குத்தி கேட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்துப் பிடித்தால்தான் வாங்குவார்களாம். பத்தர் நகையை வெளியாள் கையில் விடமாட்டார். மகளிடம் கொடுத்தனுப்பினார். அந்த அக்கா மூக்குத்தியை மெழுகில் நட்டுவிட்டு, படம் எடுத்து முடியும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

முதல் நாள் படம் அருமையாகத்தான் விழுந்தது. ஆனால் படம் பதிகிற அந்தக் காலத்துத் தகட்டில் சிவப்பெல்லாம் கறுப்பாகவே வரும். பத்தர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"கல்யாண வீட்டுக்குக் கறுப்புக் கல்லையா தம்பி அனுப்புறது? படத்தைக் கிழிச்சு வாசல்ல எறிஞ்சிருவாக."

மறுபடி எடுத்துவிடலாம் என்றார் மாமா. பிடித்தது சனியன். அக்கா தினமும் வந்தாள். படமும் தினமும் கெட்டது. ஒரு நாள் சந்தில் ஜட்கா வண்டி போய்த் தரை அதிர்ந்துவிட்டது என்றார். ஒரு நாள் மேகம். மற்ற நாளெல்லாம் அக்காவின் இருமல். சும்மா இருக்கும்போது வராத இருமல், மூடியைத் திறந்ததும் வந்துவிடும். கண்ணாடியைப் பிடித்துப் பிடித்து என் தோள்பட்டை கழன்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா வேணும்னே இருமுறாகம்மா."

"நீ சும்மா கண்ணாடியப் பிடிடி" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பத்தர் கோபக்காரர். இந்த வியாபாரம் கைநழுவினால் அக்காவுக்குத்தான் ஏச்சு விழும் என்று எனக்குப் பயம். சந்துமுனைப் பிள்ளையாரிடம் போய், படம் மட்டும் நல்லபடியாக வந்துவிட்டால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

மறுநாளே பத்தர் நேரில் வந்துவிட்டார். "நாளைக்குக் கப்பல் தபாலு. இன்னைக்கு ஆகலன்னா எனக்குப் படமே வேணாம்."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு அவர் எழுந்து போய், முதல் நாள் படத்தையே எடுத்துவந்து, மெல்லிய தூரிகையால் சிவப்புச் சாயத்தைக் கல்மேல் ஒரு சொட்டு வைத்தார். கல் ஜொலித்தது.

"இம்புட்டு லேசான வேலையா?" என்று பத்தர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

நான் ஓடிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, என் வேண்டுதலால்தான் காரியம் முடிந்தது என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டேன்.

"அடிப்பாவி, நீதானா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நன்றி கெட்ட மனுஷன் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அக்கா வரவில்லை. மாமா பெட்டியைத் தொடவுமில்லை, சோறும் சரியாகத் தின்னவில்லை. அம்மா அவரையும் எதிர்வீட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் தட்டில் அடுக்கி, என்னையும் கூட்டிக்கொண்டு பத்தர் வீட்டுக்குக் கிளம்பினாள். அப்பாவும் புதுத்துண்டு போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

ஒரு படம் நன்றாக வந்ததற்கு இம்புட்டு மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டவள் நான்தானே. தட்டை நானே சுமப்பேன் என்று அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.