மெஷினைச் சரிபார்க்க நின்றவள்

1. சுவரில் ஒரு கோடு

அன்று காலை அடையாறு ஆபீஸில் சுவர்த்திரையில் ஒரு கோட்டைக் காட்டினார்கள். கொஞ்ச தூரம் நேராக ஓடி, ஓரிடத்தில் வளைந்து, அப்புறம் கீழே இறங்கிக்கொண்டே போனது. எங்கள் சர்வேக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் முரளி சார் எழுந்து நின்று விளக்கினார்.

"ரீடிங்ல வழக்கமா வர்ற தப்பு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். சராசரி பார்த்தா சரியாயிடும். இது ஒரே பக்கமா இறங்குது. மெஷின் போச்சு."

அந்தக் கோடு என் எடை.

சர்வேக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் ஹெல்பர். சின்னக் குழந்தைகளுக்கு எடையும் உயரமும் பார்க்கிற குழுவோடு போவேன். மெஷினைத் தூக்கிப் போவது, தரை சமமாக இருக்கும் இடம் பார்த்து வைப்பது, அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்வது என் வேலை. எண்ணைப் படித்து டேப்லெட்டில் ஏற்றுவது ஷபானா. ராயப்பேட்டைப் பெண், வாய் ஓயாது. எங்கள் இருவருக்கும் ஒரே மெஷின்.

ஃபீல்டுக்குக் கிளம்பும் முன் தினமும் மெஷினைச் சரிபார்க்க வேண்டும். எடை தெரிந்த இரும்புக்கல்லை மேலே வைத்தால் அதே எண்ணைக் காட்ட வேண்டும். எங்கள் கற்களை முத்திரை போட அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்றார்கள், வரவில்லை. அதுவரை ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கலாம் என்று முடிவானது.

"பாக்கியம்மா நிக்கட்டும் சார்," என்றாள் ஷபானா. "நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு கிலோ ஏறிடுவேன். இந்த ஆபீஸ்ல மாறாத பொருள் இவங்க ஒண்ணுதான். அதே பை, அதே கொடை, அதே ஆளு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று முதல் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். எண் காலடியில் தெரியும். குனிந்தால் எண் ஆடும். நிமிர்ந்து நின்றால் என் கண்ணுக்கு எட்டாது. அதனால் எடை பார்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும், நிற்க ஒருவர், படிக்க ஒருவர். ஷபானா முழங்காலிட்டு உட்கார்ந்து, "அசையாதீங்க பாக்கியம்மா," என்று அதட்டி, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, டேப்லெட்டில் ஏற்றுவாள். முந்தைய நாள் எண் அதில் தெரியாது. கிராம் கிராமாகக் குறைந்தது அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. மொத்தமாகக் கோடு போட்டபோதுதான் தெரிந்தது.

"ஐம்பது கிலோவுக்கு மூணு கிலோ கம்மியா காட்டுது," என்றார் சார். "அப்போ பத்து கிலோ குழந்தைக்கு அறுநூறு கிராம் கம்மியா காட்டியிருக்கும். எல்லா ரீடிங்குக்கும் கரெக்‌ஷன் போடணும். நாளைக்கு டாக்டருங்களுக்கு லிஸ்ட் போகுது."

எடை குறைவான குழந்தைகளின் பெயர்கள்தான் அந்த லிஸ்ட். அதில் இருப்பவர்களை டாக்டர் கூப்பிட்டுப் பார்ப்பார். கரெக்‌ஷன் போட்டால் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைகள் மேலே வந்துவிடும். அவர்கள் பெயர் லிஸ்டில் இருக்காது. எனக்கு உடனே பவி ஞாபகம் வந்தது.

2. மீன்கடைக் கல்

பவி நொச்சிக்குப்பத்துக் குழந்தை. அவள் அம்மா செல்வி ரோட்டோரம் மீன் விற்கிறாள். டாக்டர் எப்போது பார்ப்பார் என்று செல்வி ஷபானாவுக்குப் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அந்தப் பக்கம்தான் எங்களுக்கு ஃபீல்டு. வேறு மெஷின் இல்லாததால் அதையே தூக்கிக்கொண்டு, நேரில் சொல்லிவிடலாம் என்று போனோம்.

"அக்கா, கோச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தாள் ஷபானா. "எங்க மெஷின் கம்மியா காட்டியிருக்காம். கணக்கைத் திருத்தினா பவி லிஸ்ட்ல வரமாட்டா போலிருக்கு."

செல்வி அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். "இன்னாம்மே சொல்ற? வாரத்துக்கு ஒரு தபா ஜொரம். ஒரு இட்லி துன்னா அதுவும் வாந்தி. எலும்பு எண்ணலாம் போல கீறா. அவ நல்லா கீறான்னு உன் மெஷின் சொல்லிச்சா? எங்க, அத்த இங்க வையி."

தள்ளுமுள்ளு வேண்டாமென்று மெஷினை எடுத்து வைத்தேன். செல்வி தன் தராசுக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். எவ்வளவு வைத்தாளோ அவ்வளவே மெஷினும் காட்டியது.

"பாத்துக்கினியா? ஒயுங்கா தானே கீது?"

பக்கத்துக் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "யார் கல்ல வெச்சி யார்கிட்ட சாட்சி சொல்ற செல்வி? உன் கல்லு ஒரு கிலோன்னா வூட்டுக்குப் போய் பாத்தா எண்ணூறுதான் இருக்கும்!"

"நீ உன் பொழப்பப் பாரு! முத்திர குத்துன கல்லும்மே இது!"

ஷபானா சாருக்குப் போன் செய்தாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. "மீன்கடைக் கல்லை நம்பி ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது ஷபானா? மெஷின் சரின்னா, அந்தக் கோடு ஏன் இறங்குது? அதுக்குப் பதில் சொல்லுங்க, கரெக்‌ஷனை நிறுத்தறேன்."

அவள் போனை வைத்தாள். செல்வியின் கோபம் என் பக்கம் திரும்பும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெஷின வுடு. இந்த ஆயாவப் பாரு. மொத தபா வந்தப்போ எப்டி இருந்துச்சி! ஜாக்கெட்டு கை தொளதொளன்னு தொங்குது. இன்னா ஆயா, ராவுல சோறு துன்றியா இல்லியா?"

"சாப்பிடறேம்மா," என்றேன்.

துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

3. கோடு வளைந்த இடம்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். வெகுகாலம் நானும் தங்கை சரோஜாவும் சேர்ந்து இருந்தோம். அவள் மகன் பெருங்குடியில் வீடு எடுத்தான், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை அழைத்துக்கொண்டான். பெருங்குடி ஒன்றும் வெளியூர் இல்லை. "அடிக்கடி வந்துட்டுப் போறேன்க்கா," என்றாள். அங்கே குழந்தை, வேலை. வர முடியவில்லை, அவளைக் குறை சொல்லமாட்டேன்.

ஒருத்திக்காக உலை வைக்க மனம் வராது. டீக்கடையில் ஒரு டீ, ஒரு பன். சில நாள் அதுவும் வேண்டாம் என்றிருக்கும். பசிக்கவும் இல்லை.

ஆபீஸுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஷபானா வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. சாரிடம் சொல்லத்தான் வேண்டும். ராத்திரி சாப்பிட ஆளில்லாமல் இளைத்துப்போனேன் என்று மகன் வயதுள்ள ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளை லிஸ்டில் பவி பெயர் இருக்காது.

சார் அறைக்கதவைத் தட்டினேன். இத்தனை வருடத்தில் நானாகத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க பாக்கியம்மா."

"சார், மெஷின் இறங்கல. நான்தான் இறங்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு இருந்தது. அருகில் போய், நேராக ஓடியது வளைகிற இடத்தில் விரலை வைத்தேன்.

"இங்கேர்ந்து சார். இந்த மாசம்தான் என் தங்கச்சி பெருங்குடி போனா. அதுக்கப்புறம் ராத்திரி சமைக்கிறதில்ல."

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார்.

"காலையில எல்லார் முன்னாடியும் இதைக் காட்டினேனே. அப்பவே ஏன் சொல்லலை?"

"நானும் மெஷின்னுதான் நெனச்சேன் சார்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து என் பக்கம் திரும்பினார். "ஆளை நிறுத்தி மெஷினைப் பார்த்ததே தப்பு. அது என்மேலதான்," என்றார். போனை எடுத்தார். மாலைக்குள் வேறொரு ஆபீஸிலிருந்து முத்திரைக் கற்களை ஆட்டோவில் வரவழைத்தார். வைத்துப் பார்த்தார்கள். மெஷின் சரியாக இருந்தது. கரெக்‌ஷன் போடவில்லை. பவி பெயர் லிஸ்டில் நின்றது, டாக்டர் பார்த்தார், இப்போது மருந்து சாப்பிடுகிறாள். சார் சொன்னதால் என்னையும் ஒரு டாக்டர் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மெஷினை இரும்பு வைத்துத்தான் சரிபாருங்கள். அவசரத்துக்குக்கூட ஆளை நிறுத்தாதீர்கள். எவ்வளவு மாறாத ஆளாகத் தெரிந்தாலும் நிறுத்தாதீர்கள். இரும்புக்குத் தங்கை கிடையாது.

இப்போது எங்களுக்குச் சொந்தமாகக் கற்கள் வந்துவிட்டன. காலையில் அவற்றைத் தூக்கி வைப்பது நான். ஷபானா முழங்காலிட்டு எண்ணைப் படிக்கிறாள். தினமும் அதே எண். கல்லிடம் அசையாதே என்று சொல்ல வேண்டியதில்லை, அதனால் அவளும் சொல்வதில்லை.

ராத்திரி ஒரு கைப்பிடி அரிசி போட்டு வடிக்கிறேன். உடம்பு தேறியிருக்கிறதா என்று தெரியவில்லை. ஒருநாள் ஷபானா வருவதற்கு முன்பே ஆபீஸுக்குப் போய், செருப்பைக் கழற்றி மெஷினில் ஏறினேன். நேராக நின்றேன், தெரியவில்லை. குனிந்தேன், எண் ஆடியது. இறங்கி, துணியால் மெஷினைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.