முன்னால் நிற்கும் அரை

கணினித் திரையின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருக்கிறார் சேசுராஜ். திரையில் ஒரு வளைகோடு. கீழேயிருந்து ஏறி, ஒரு மேடு கட்டி, இறங்கிப் பள்ளத்தில் விழுந்து, மறுபடியும் மேலே போகிறது. ஓரத்தில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். பிறகு அச்செடுத்து, தாளின் மேலும் ஸ்கேலை வைக்கிறார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்கப் போன நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். மலரின் முதல் பக்கத்திலேயே சங்கத் தலைவரின் பெயர் தப்பாக இருக்கிறது. அதை அவர் எந்த ஸ்கேலாலும் அளப்பதில்லை.

மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவர் கடை. டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன். ஞானஸ்நான அழைப்பும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஆனால் அடுப்பு எரிவது கோச்சிங் கிளாஸ்களின் கேள்வித்தாளால். சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கெங்கிருந்தோ வரும். கையெழுத்தில் கொடுப்பதை இவர் அடித்து, படம் சேர்த்து, அச்செடுத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் முதல் தாள் வெளியே வரும்போது சிலுவை போட்டுக்கொள்வார். "மிஷினுக்கும் சேத்துத்தான்" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இளவயதில் ரயிலேறியவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை விழுந்தவர், அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. "நானும் கணக்கும் வேற வேற தெரு, அண்ணாச்சி" என்று அரை கிளாஸ் கட்டிங் சாயாவை ஊதிக்கொண்டே சொல்வார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. பிழையைச் சுழிக்கவும் அடிக்கவும்தான் அதற்கு வேலை. அந்தப் பேனாவால் அவர் 'சரி' போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மலர் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்ததும் இல்லை.

கணக்கு வேறு தெரு என்கிறவருக்கு இந்த ஸ்கேல் எதற்கு? கிண்டலாகத்தான் கேட்டேன். இன்னொரு நாள் மதியம் கரண்ட் போய், மின்விசிறி நின்று, சும்மா உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிளாஸில் தேர்வு வைத்தார்கள். முதலாவதாக வரும் பிள்ளைக்கு இரண்டு வருஷம் இலவசமாக இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பு. இடம் ஒன்றே ஒன்று. கேள்வி எல்லாம் ஒரே தாளின் இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும் என்று கிளாஸ் சார் சொல்லிவிட்டார். கடைசிக் கேள்வி ஒரு வளைகோடு. அதைப் பார்த்து அதன் சமன்பாட்டை எழுத வேண்டும். படம் பக்கத்தை மீறிக்கொண்டு நின்றது. சேசுராஜ் அதன் மூலையைப் பிடித்து அமுக்கினார். படம் அடங்கியது, எண்கள் நசுங்கிவிட்டன. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தார். படுக்கைக் கோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்த கோட்டிலும் அதையே அடித்துவிட்டார். அங்கே இருந்தது இரண்டு, நான்கு, ஆறு. கோடு என்றால் எல்லாம் ஒரே கணக்குத்தானே என்று நினைத்தாராம்.

இதில் என்ன போயிற்று என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வளைகோடு படுக்கைக் கோட்டை எங்கெங்கே வெட்டுகிறதோ, அந்தந்த இடத்துக்கு ஓர் அடைப்புக்குறி. மூன்று இடத்தில் வெட்டினால் மூன்று அடைப்புக்குறி. பெருக்கினால் சமன்பாடு வந்துவிட்டது போலத் தோன்றும். வரவில்லை. அதே மூன்று இடத்தை வெட்டிக்கொண்டு உயரமாக ஒரு கோடு போகலாம், குட்டையாகவும் ஒன்று போகலாம். எது நம்முடையது என்று அறிய நிமிர்ந்த கோட்டை எந்த உயரத்தில் வெட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்குத் தக்கபடி அடைப்புக்குறிகளுக்கு முன்னால் ஓர் எண் நிற்கும். சார் கொடுத்த படத்தின்படி அந்த எண் வெறும் ஒன்று. அதாவது எழுதவே தேவையில்லை.

உயரத்தைப் பார்க்காமல் மூன்று அடைப்புக்குறியை மட்டும் போட்டுவிட்டு எழுந்த பிள்ளைகள் எல்லோருக்கும் மதிப்பெண் கிடைத்தது. ஒருத்தி மட்டும் பார்த்தாள். மெஹக், இதே ரோட்டில் இருக்கும் நஜ்முன்னிசா என்பவரின் மூத்த மகள். மூன்று அடைப்புக்குறியையும் பெருக்கினால் உயரம் ஆறு வருகிறது, படத்தில் கோடு வெட்டுவதோ மூன்றில், ஆகவே எல்லாம் பாதி என்று முன்னால் ஓர் அரையைப் போட்டாள். விடைக்குறிப்பில் அரை இல்லை. அந்த ஒரு கேள்வியில் இடம் அடுத்தவருக்குப் போனது.

முடிவு தெரிந்த மறுநாள் அவள் இந்தக் கடைக்குத்தான் வந்தாள். விடைத்தாளை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, தன் கணக்கு எங்கே தப்பு என்று இவரிடம் விளக்கி விளக்கிக் கேட்டாளாம். கிளாஸ் சாரிடம் கேட்டதற்கு, அதிமேதாவித்தனம் என்றாராம். தனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லி அனுப்பினார் சேசுராஜ். அப்போது அது உண்மைதான். அவள் சொன்னது உறுத்தவே, போன பிறகு சார் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்து பார்த்தார். இரண்டு, நான்கு, ஆறு.

"அன்னைக்கே ஓடிப்போயிச் சொல்லிருக்கணும், அண்ணாச்சி. அந்த கிளாஸ் வேல போச்சுன்னா கடைய மூடணும்னு பயந்துட்டேன். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு..." என்று நிறுத்தினார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இடம் கிடைத்த பையன் படிக்கத் தொடங்கிவிட்டான். பணம் கட்டிப் படிக்க வழியில்லாத மெஹக் காமர்ஸ் சேர்ந்தாள். இப்போது மாஹிமில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் டிக்கெட் போடுகிறாள். வழியில் பார்க்கும்போதெல்லாம் "அங்கிள்" என்று கை காட்டுகிறாளாம். அது ஒன்றுதான் தாங்கவில்லை என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் கரண்ட் வந்ததும் அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வித்தாளுக்குக் குனிந்ததைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

போன வாரம் மலரின் கடைசி மெய்ப்புக்காகப் போயிருந்தேன். கைப்பையும் காதில் மாட்டிய வயருமாக ஒரு பெண் படியோரம் வந்து நின்றாள். சேசுராஜ் எழுந்துகொண்ட விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. தங்கை ஃபர்ஸானா இந்த வருஷம் அதே தேர்வை எழுதப் போகிறாள், பழைய கேள்வித்தாள் இருந்தால் அடித்துத் தர வேண்டும் என்றாள்.

"அவகிட்ட சொல்லிட்டேன் அங்கிள். கிராஃப் வந்தா மூணு பிராக்கெட்டப் போடு, எந்திரிச்சு வந்துரு. என்னைய மாதிரி ஜாஸ்தி திமாக் ஓட்டாத, மூளையக் கசக்காதன்னு. உயரம் பாக்கப் போயித்தான நான் கெட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இடம் போனதுகூடப் போகட்டும். சரியாக யோசித்ததையே தன் குற்றம் என்று இந்தப் பெண் நம்பிவிட்டாள். அதையே பாடமாகத் தங்கைக்கும் ஊட்டியாயிற்று.

சேசுராஜ் கேள்வித்தாளைத் தேடவில்லை. வீணாய்ப் போன ஒரு தாளைத் திருப்பி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். வளைகோட்டை வரைந்தார். இரண்டு கோட்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளி எழுதச் சொன்னார்.

இந்த கிராஃபா என்று முகத்தைச் சுளித்தாள். மூன்று அடைப்புக்குறியை மளமளவென்று எழுதிப் பேனாவை வைத்தாள்.

"ஒசரம் பாத்து எழுதும்மா."

அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, சூடு பட்ட விரலை மறுபடி அடுப்பருகே கொண்டுபோவது போல, முன்னால் சின்னதாக ஓர் அரை எழுதினாள்.

"அன்னைக்கும் இதான் சரி" என்றார் சேசுராஜ். "ரெண்டு, நாலு, ஆறுன்னு இருந்தத ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அடிச்சது நான். நீ வந்து கேட்டுட்டுப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மெஹக் காதிலிருந்து வயரைக் கழற்றினாள்.

சேசுராஜ் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தாளைத் தன் பக்கம் திருப்பாமலே, அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சின்ன அரைக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார்.