இரண்டு அமுக்கினால் நாதஸ்வரம்

நேற்றுக் காலையில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டின ஆட்டில் காதிலிருந்த வெள்ளைக் கொட்டை கழன்று என் சட்டிக்குள் விழுந்தது. இப்போதுதான் ஒயர் கூடக் கிடையாதே. எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். காதில் வைத்த வேகத்தில் பிடுங்கிவிட்டாள்.

"இன்னா ஆயா, பாட்டுல மீன் நாத்தம் அடிக்குது."

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சொல்கிறேன், எழுது என்றேன். நான் கைநாட்டு. வாய் என்னுடையது, எழுத்து அவளுடையது. நடுநடுவே தமிழைத் திருத்துகிறாள், திருத்தட்டும்.

எங்கள் நொச்சிக்குப்பத்து வீட்டில் பாட்டு என்றாலே மீன் வாசம்தான். முதலில் கேசட் போடுகிற பெட்டி, செங்கல் கனம். அப்புறம் தோசைக்கல் மாதிரி வட்டமாக, சிடி போடுகிற ஒன்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தும்மினால் கூடப் பாட்டு எகிறும், படகில் எங்கே வைப்பது? ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் பர்மா பஜாரிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். தாயத்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாயா அது?"

"நூறு பாட்டு கீதுமே உள்ள."

"கேசட்டு எங்க?"

"கேசட்டே கெடையாது. காத்துலேர்ந்து வருது."

அவருக்கும் தெரியாது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. கடலுக்குப் போகும்போது அதைப் பலூனுக்குள் போட்டு வாயை முடிந்துகொள்வார். திரும்பி வந்ததும் பலூனைக் கிழித்து என் கழுத்தில் மாட்டுவார். நான் வஞ்சிரம் வெட்டிக்கொண்டே கேட்பேன். அதன் சின்னக் கண்ணாடியில் பாட்டின் பெயர் பூச்சி ஊர்கிற மாதிரி ஓடும். எனக்கு அது பூச்சிதான். அதனால் எண்ணிக்கை வைத்துக்கொண்டேன். அணைத்துப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினால் பிள்ளையார் பாட்டு. இரண்டு அமுக்கினால் கல்யாண நாதஸ்வரம், கெட்டிமேளத்தோடு. ஒன்பது அமுக்கினால் மழைப் பாட்டு. ஐம்பத்து மூன்று வரைக்கும் மனப்பாடம். மீன் விற்கிற வரிசையில் யாருக்கும் படிப்பு கிடையாது. "அக்கா, ஒன்பது போடுக்கா" என்பார்கள். பாட்டுக்கு எங்களிடம் வேறு பெயரே இல்லை.

பாட்டை ஏற்றித் தருவது மயிலாப்பூர் குளத்துப் பக்கம் சேகர் கடை. கடை என்றால் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாமி படம், சோடாபுட்டிக் கண்ணாடியோடு சேகர். "சோகமா, குத்தா, சாமியா?" என்று கேட்பான். எது வேண்டும் என்று சொன்னால் போதும். எதைக் கேட்டாலும் இரண்டு சாமி பாட்டு அவன் கணக்கில் சேர்த்துவிடுவான்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் செல்விக்கு அடையாறு ஊரூர் குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். செல்விக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை கானா பாடுகிறவர். அவர் அக்காதான் அந்த வீட்டில் பெரிய தலை. பல்லி சத்தம் போட்டால் படகையே நிறுத்துகிற ஆள். ஏற்கெனவே ஒரு பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில் பூ வாடியிருந்தது என்று எழுந்து வந்தவர்.

நிச்சயதார்த்தத்துக்கு மேளம் சொல்லட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். "என்னாண்ட ரெண்டு கீது, மேளம் எதுக்கு?" என்றேன். அந்தத் திமிர் எனக்குத் தேவைதான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சம்மந்தியை அசத்த வேண்டும் என்று என்னிடம் மூச்சு விடாமல் முதல் நாள் சேகர் கடைக்குப் போய், ஏழுமலை பாடின கானா இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். யாரோ கேசட்டில் பிடித்ததெல்லாம் சேகரின் கம்ப்யூட்டரில் கிடந்தது. மூன்று பாட்டை ஏற்றிவிட்டான். புதிதாக ஏற்றினது மேலே வந்து உட்காரும். என் பிள்ளையார் நாலாம் இடத்துக்குப் போனார். எனக்கு யார் சொன்னது?

தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் உயர ஸ்பீக்கர். அதிலிருந்து வந்த ஒயரை என் கழுத்துப் பெட்டியில் சொருகி வைத்திருந்தேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தட்டைத் தூக்கினார்கள். "போடும்மா மேளத்த" என்றார்கள். இரண்டு அமுக்கினேன்.

வந்தது மரண கானா. சாவு வீட்டில் டேப் மேளம் தட்டி, செத்தவரைக் கூப்பிட்டுப் பாடுகிற பாட்டு. "கரையில நான் நிக்கிறேன்மா, கைய வுட்டு எங்க போற" என்று ஒரு ஆண் குரல் தெருவே அதிர அழுதது.

தட்டு அந்தரத்தில் நின்றது. நான் நிறுத்தப் போய் அமுக்கினது சத்தம் கூட்டுகிற பொத்தான்.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டார். "தட்டு கையில கீது, சாவுப் பாட்டு போடறாங்கோ. இன்னா குடும்பம் இது? கெளம்புங்க எல்லாரும்."

வீட்டுக்காரர் "சம்மந்தி பாட்டாச்சேன்னு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. செல்வி பட்டுப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "நிறுத்தும்மா" என்றாள். ஒயரையே பிடுங்கிவிடலாம் என்று கையை வைத்தேன்.

"நிறுத்தாதீங்கம்மா," என்றார் ஏழுமலை.

கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார். தட்டு அவர் கையில்தான் இருந்தது. அப்புறம் சொன்னார்: "இது எங்கம்மாவுக்குப் பாடினது. அழுதுக்கினே பாடினேன். எவன் புடிச்சான்னே தெரியாது. அதுக்கப்பால எனக்கே இந்தப் பாட்டு வர்ல, எத்தினியோ தபா பாடிப் பாத்தேன்."

அக்கா பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துக்கு எழுந்த? அம்மா வந்துக்கீது நிச்சயத்துக்கு. குந்து."

அக்கா குந்தினார். குந்தின பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு தபா போடு சம்மந்தி" என்றார். மறுபடியும் இரண்டு அமுக்கினேன். சாவுப் பாட்டோடு தட்டு மாற்றி நிச்சயமான பெண் எங்கள் குப்பத்தில் என் மகள் ஒருத்திதான். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். இதை எழுதுகிறவள் அவள் பெற்றதுதான்.

அதற்குப் பிறகு படம் காட்டுகிற பாட்டுப் பெட்டி வந்தது. நகக்கண் அளவு அட்டை போட்ட போன் வந்தது. அதில் ஆயிரம் பாட்டு, நான் எண்ணுவதை விட்டேன். இப்போது வாயால் கேட்டாலே போன் பாடுகிறது, என்னைப் போன்ற கைநாட்டுக்கு அது சொர்க்கம். சாவுப் பாட்டாயிற்றே என்று நிச்சயத்துக்கப்புறம் அந்த இரண்டை நான் அமுக்கவே இல்லை. தீப்பெட்டிப் பெட்டி ஒரு நாள் பலூன் ஓட்டையாகி உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தது. சேகரிடம் ஓடினேன். "அந்தக் கம்ப்யூட்டர் போச்சுக்கா, அதோட எல்லாம் போச்சு" என்றான். இப்போது அந்த இடத்தில் ஜூஸ் போடுகிறார்கள்.

போன வருஷம் ஏழுமலை தவறிவிட்டார். கானா கோஷ்டி வந்து நன்றாகத்தான் பாடினார்கள். நடுவில் அவர் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மாவுக்குப் பாடினது உன்னாண்ட கீதா சம்மந்தி?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிள்ளைகள் போனில் தேடினார்கள். ஊரில் உள்ள அத்தனை பாட்டும் வந்தது, அது வரவில்லை.

அக்காவே பாட ஆரம்பித்தார். கரையில நான் நிக்கிறேன்மா. கைய வுட்டு எங்க போற. டேப் அடிக்கிறவர்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் செல்வியைப் பார்த்தேன். அடுத்த வரி எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.