நொந்தால் தமிழில் கத்தவும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க என்னை ஆட்கள் தூக்கித் திரிந்தார்கள். ராணி மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் தோள் முதல் கணுக்கால் வரை வார்களால் இறுக்கிக் கட்டி, முகத்தில் சேற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கினார்கள். ரொறன்ரோவுக்கு மேற்கே கொஞ்சத் தூரம் காரில் போனால், சுண்ணாம்புப் பாறைகள் பிளந்து கிடக்கிற காடுகள் வரும். அந்தப் பிளவுகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் மாட்டிக்கொள்கிறவர்களை வெளியே எடுக்க ஒரு தொண்டர் குழு இருந்தது. நானும் அதில் ஒருத்தி.

நான் வேலை செய்த மட்டைப்பெட்டி ஃபக்டரியின் சூப்பர்வைசர்தான் அந்தக் குழுவுக்கும் தலைவி. கதவு நிலையில் தலை முட்டுகிற உயரமான வெள்ளைக்காரி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருட்டென்றால் பயமா, ஒடுக்கமென்றால் பயமா என்று கேட்டாள். ஊரில் ஷெல்லடிக்குப் பயந்து பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடும் அவர்களுடைய ஆட்டோடும் பங்கருக்குள் அடைந்து கிடந்தவள் நான். தனியாக ஒரு குகை என்றால் எனக்குச் சொகுசு. பயமில்லை என்றேன். அவ்வளவுதான், அடுத்த சனிக்கிழமையே என்னைக் கட்டிவிட்டார்கள்.

குழுவில் மற்றவர்கள் எல்லாம் மலைபோல ஆம்பிளைகள். பயிற்சிக்குக் காயப்பட்ட ஆளாகக் கிடக்க, நோஞ்சானான ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். எனக்கோ தூக்குகிற பக்கம் நிற்கத்தான் ஆசை. ஒரே ஒரு தடவை அந்த ஸ்ட்ரெச்சரின் முன்பிடியைப் பிடித்து ஒரு மனிதரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விட்டால் போதும். கேட்கும்போதெல்லாம் தலைவி சிரித்துக்கொண்டே, இன்றைக்கு உனக்கு இடது கால் உடைந்திருக்கிறது, போய்ப் படு என்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனாலும் போய்ப் படுப்பேன்.

என் கணவருக்கு இந்த விஷயம் தொண்டையில் சிக்கிய முள். குழுவின் சேற்றுக் கயிறுகளை எங்கள் குளியல் தொட்டியில் ஊறப்போட்ட அன்று, தோளில் துவாயோடு வந்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? காசு குடுத்தாலும் ஆக்கள் போகாத ஓட்டைக்குள்ளை நீர் சும்மா போறீர்."

சும்மா போகவில்லை, ஒருநாள் நானும் தூக்குவேன் என்றேன். அதற்கு முதலில் கயிற்றைத் தூக்கும், நான் குளிக்கவேணும் என்றார்.

பனிக்காலத்தில் காட்டுக்குப் போக முடியாது. அதனால் அஜின்கோர்ட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் படிக்கட்டில் பயிற்சி வைத்தோம். கட்டிடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்ரெண்டனிடம் அனுமதி வாங்கினோம். எங்கள் தமிழ்ச் சனத்துக்குச் சொல்ல மறந்துபோனோம். தலையில் விளக்கோடு வெள்ளைக்காரர்கள் என்னைக் கட்டிக் கீழே இறக்க, நான் தலைவி சொல்லித் தந்தபடி "மை லெக், மை லெக்" என்று கத்திக்கொண்டு போனேன். நான்காம் மாடி அன்ரி கதவைத் திறந்தார். பிறகு கேட்கவா வேண்டும்? கட்டிடம் முழுக்கக் கூடிவிட்டது. நான் படுத்தபடியே எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு மூன்று வீட்டுப் புட்டும் காயம் ஆற வேண்டியவர்களுக்கு மிளகு, மஞ்சள் அரைத்து வைக்கிற சரக்குக் கறி ஒரு சட்டியும் வந்தன. அந்தக் கறியைச் சாப்பிட்டபோதுதான் கணவர் முதன்முதலாகக் குழுவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்.

அதே படிக்கட்டில்தான் எங்கள் குழுவின் விசேஷமான சட்டமும் பிறந்தது. ஒரு திருப்பத்தில் ஸ்ட்ரெச்சருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் என் விரல்கள் நசிந்துவிட்டன. "ஐயோ, நோகுது, பொறுங்கோ" என்று உயிர் போகக் கத்தினேன். அவர்களோ, இன்றைக்கு நடிப்பு அபாரம் என்று பாராட்டிக்கொண்டே இன்னும் ஒரு மாடி இறங்கினார்கள். கீழே வந்து கட்டவிழ்த்ததும், தமிழில் எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் கொட்டித் தீர்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினேன்: இங்கிலிஷில் கத்தினால் அது நடிப்பு, தமிழில் கத்தினால் அது உண்மை. நடிப்பென்றால் போங்கள், உண்மையென்றால் நில்லுங்கள்.

தலைவி உடனே அதைச் சட்டமாக்கினாள். "ஐயோ", "அம்மா", "நோகுது", "பொறுங்கோ" என்ற நான்கு சொற்களையும் அந்த மலைபோன்ற ஆம்பிளைகள் கோப்பிக் கடையில் வட்டமாக இருந்து பாடமாக்கினார்கள். பக்கத்து மேசைச் சனம் எங்களை ஏதோ புது மதம் என்று நினைத்திருக்கும்.

வசந்தத்தில் ஒரேயொரு அழைப்பு வந்தது. பிளவுக்குள் ஒரு நாய். நாங்கள் கயிறு கட்டி முடிப்பதற்குள் அது தானே ஏறி வந்து எங்கள் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. கோடை முழுக்க என்னைத்தான் தூக்கினார்கள். எனக்கு வெறுத்துவிட்டது. செப்ரெம்பரோடு விலகிவிடலாம் என்று கணவரிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. காட்டுப் பூங்காவில் பிக்னிக் வந்த ஒருவர் பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டார். போய் இறங்கினால், மரத்தடியில் புரியாணிச் சட்டி, பாட்மின்ரன் வலை, அழுகிற பெண்கள். எல்லாம் எங்கட ஆட்கள். அஜக்ஸிலிருந்து வந்த குடும்பம். விழுந்த அண்ணை வீடியோ கமெராவோடு நின்றிருக்கிறார். லண்டனில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்ப, முழுக் குடும்பமும் படத்துக்குள் விழவேண்டும் என்று பின்னால் பின்னால் போய், கடைசியில் அவரே விழுந்துவிட்டார். "பேஷண்ட் ரெடியா?" என்று எங்களில் ஒருவன் கேட்டபோது, வருடப் பழக்கத்தில் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பிளவின் அடியில் கால் முறிந்து கிடந்தார். அந்த ஒடுக்கத்துக்குள் மலைகள் ஒன்றும் நுழையாது என்பதால் தலைவி என்னை இறக்கினாள். என் விளக்கு முகத்தில் பட்டதும் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் எப்ப விழுந்தனீங்கள்?"

"நான் விழேல்லை அண்ணை. உங்களை எடுக்க வந்தனான்."

வேறு ஆட்கள் இல்லையோ என்று கேட்டார். மேலே இருக்கிறார்கள் என்றேன். முதலில் கமெராவை அனுப்பச் சொன்னார், அது மச்சானுடையதாம். அனுப்பினேன். காலுக்குத் தடி வைத்துக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் அவரை ஏற்றி இறுக்கும்போது, மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஓகே, ஓகே, நோ புரொப்ளம்" என்றபடியே இருந்தார். முகமோ வெளிறிக் கிடந்தது. வெள்ளைக்காரருக்கு முன்னால் கத்தினால் மரியாதை இல்லையாம். எனக்குப் பயம் பிடித்தது. தலைப்பக்கமாக அவரை மேலே இழுக்கும்போது நான் அவர் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு ஏறவேண்டும். கால்மாட்டு இருட்டு ஒருவருக்கும் தெரியாது. கால் எங்கேயாவது கொளுவிச் சிக்கினால், இவர் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் அந்தக் கால் போய்விடும்.

நொந்தால் தமிழில் கத்துங்கள், அவர்கள் நிற்பார்கள் என்றேன். எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கயிறு மேலே போனது. பாதி வழியில் ஸ்ட்ரெச்சர் ஒரு குலுங்கு குலுங்கியது. "ஓகே, ஓகே" என்றார். இன்னொரு இழுப்பு. கண்ணால் நீர் ஓடுகிறது, "ஓகே" என்கிறார். நான் அவர் காதுக்குள் குனிந்து, கெஞ்சுகிற மாதிரி, கத்துங்கோ அண்ணை என்றேன்.

"ஐயோ... அம்மா!"

கயிறு அப்படியே நின்றது. அத்தனை பேரும் அந்தக் கணத்திலேயே நின்றார்கள். மேலேயிருந்து தலைவியின் குரல், கோப்பிக் கடையில் பழகிய அதே உச்சரிப்பில் கேட்டது: "நோகுது?"

அண்ணை விக்கித்துப்போனார். செத்துவிட்டோமோ என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

"உவைக்குத் தமிழ் விளங்குமோ, தங்கச்சி?"

"நோகிறது மட்டும் விளங்கும், அண்ணை."

அதற்குப் பிறகு அவர் அழுதார். வாய்விட்டு, வெட்கமில்லாமல், தாயைக் கூப்பிட்டு அழுதார். நானும் அழுதேன். அப்படியே என் கயிற்றில் தொங்கிக் கீழே இறங்கி, பாறை விளிம்பில் கொளுவியிருந்த பாதத்தை மெல்ல எடுத்துவிட்டேன்.

வெளியே வெயில். அம்புலன்ஸ் வரைக்கும் காட்டுப் பாதையில் தூக்கிப் போகவேண்டும். தலைவி என்னைப் பார்த்து முன்பிடியைக் காட்டினாள். நான் குனிந்தேன். அப்போது அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கையை விட்டிடாதேங்கோ, பிள்ளை."

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றார். குளியல் தொட்டியைக் கழுவி வைத்திருந்தார்.

"இண்டைக்காவது தூக்கினீரோ?"

"இல்லையப்பா. கையைத்தான் பிடிச்சுக்கொண்டு போனனான்."

விலகுகிற பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை. அடுத்த பயிற்சியில் ஸ்ட்ரெச்சரை விரித்ததும், ஒருவரும் சொல்லாமல் நானே போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த மலைகளுக்கு இன்னும் ஒரு சொல் பழக்க வேண்டியிருந்தது. "பயப்பிடாதேங்கோ" என்பது அவர்கள் வாய்க்குள் நுழைய அந்தப் பனிக்காலம் முழுக்க எடுத்தது.