எந்தப் பக்கம் படுப்பீங்க என்று கேட்டவர்

எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீங்க?

ஆறு ஆண்டுகளுக்கு முன் பல்லடம் சாலையில் ஒரு மெத்தைக் கடையில் ஜெசிந்தா அக்கா கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. தனியாகத் தூங்குகிறவளுக்கு அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. வலப்பக்கமாகப் படுக்கிறேன், விழிக்கும்போது வேறு எப்படியோ கிடக்கிறேன். நடுவில் நடப்பது தெரிவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை, முதல் வகுப்புக்குப் படியேறிக்கொண்டிருந்தபோது அவர் மகன் ராபின் அழைத்தார். "அம்மா தவறிட்டாங்க மேடம்" என்றவர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "படுத்துத்தானுங்க இருந்தாங்க. தூக்கத்துலயே" என்றார். அதை ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். இதயம் பலவீனமாகி, படுத்தால் மூச்சு முட்டும் நிலையில் இருந்த ஜெசிந்தா அக்கா இந்த ஆண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படுத்துத் தூங்க வேண்டும். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. அவருடன் வேலை செய்தவர்களும் அவரிடம் மெத்தை வாங்கியவர்களும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவர் அந்தோணியுடன் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு ஆண்டுகள் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றவர். கால்கள் வீங்கத் தொடங்கியதும் மெத்தைக் கடைக்கு மாறினார். நான் அங்கே போனது தோள்வலியோடு. கூடவே இணையத்திலிருந்து அச்சிட்ட ஒரு தாளும் இருந்தது. உடல் எடை, உயரம், படுக்கும் விதம், அதற்கேற்ற கடினத்தின் அளவு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். புள்ளியியல் கற்பிக்கிற எனக்கு விற்பனையாளரின் வாயைவிடக் கட்டங்கள் மேல் நம்பிக்கை அதிகம். அவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்ல பேப்பர்தான் டீச்சர். ஆனா இது மேல படுக்க முடியாதுல்லா?" என்றார். நான் டீச்சர் அல்ல, பேராசிரியர் என்று திருத்தவில்லை. பிறகு எப்போதும் திருத்தவில்லை.

கடையின் மூலையில் சாம்பல் நிறப் பனியன் துணியில் ஒரு திரை தொங்கியது. நம் ஊரில் யாரும் கடையில் மெத்தை மேல் படுக்க மாட்டார்கள். கையால் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பெண்கள் ஆண்கள் முன்னால் உட்காரவே கூசுவார்கள். அதற்காகவே அவர் முதலாளியிடம் கேட்டுப் போட்ட திரை அது. அதற்குள் என்னைப் பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே தன் கையை நுழைத்துப் பார்த்தார். கை முழுக்கத் தாராளமாகப் போனால் மெத்தை கல், தோளும் இடுப்பெலும்பும் மட்டும் பாரத்தைத் தாங்குகின்றன என்று பொருள். கையே போகாவிட்டால் உடம்பு புதைந்துவிட்டது. விரல் போக வேண்டும், உள்ளங்கை போகக் கூடாது. இதுதான் அவருடைய அளவுகோல். "அழுத்துற கை பொய் சொல்லும் டீச்சர், இடுப்பு சொல்லாது" என்றார். என் தாள் எனக்குச் சொன்னது கடினமான மெத்தை. அவர் கொடுத்தது தோள் கொஞ்சம் அமுங்கும் நடுத்தரம். மூன்றாவது வாரத்தில் தோள்வலி குறைந்தது. தானாகவே குறைந்திருக்கவும் கூடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது, வெள்ளகோவிலிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்கு மெத்தை எடுக்க வந்திருந்தது. இருப்பதிலேயே தடிமனாக, கெட்டியாக வேண்டும் என்றார் பெண்ணின் அப்பா, உள்ளங்கையால் அழுத்தியபடி. அக்கா, மாப்பிள்ளை உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார், அம்மா விலைச்சீட்டைப் பார்த்தார். கடைசியில் ஒடிசலான அந்தப் பெண்தான் முந்தானைக்குள் சிரிப்பை அடக்கியபடி, "அவருங்க நல்லா குண்டுங்க" என்றாள். கனமானவர் அமுங்கும் பக்கம் ஒல்லியானவர் இரவெல்லாம் உருண்டுகொண்டிருப்பார், அதனால் தனித்தனி ஸ்பிரிங் வைத்த, கெட்டியான அடித்தளம் உள்ள மெத்தையாக எடுங்கள் என்று விளக்கினார் அக்கா. அந்தப் பெண் அதற்குமேல் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டாள்.

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எனக்கொன்றும் என் அம்மாவுக்கொன்றுமாக இரண்டு மெத்தைகள் வாங்கியிருந்தேன். கோடையில் வியர்த்துக் கொட்டுகிறது, திரும்பிப் படுத்தால் மொறமொறவென்று சத்தம் வருகிறது என்று கடைக்குப் போன் செய்து கடுமையாகப் பேசினேன். அக்கா நேரில் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பிரித்தால் அழுக்காகிவிடும் என்று அம்மா சொன்னார். முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற நானும் அதை ஏற்றுக்கொண்டிருந்தேன். "என்ன டீச்சர், மெத்தைக்கு மழைக்கோட்டா?" என்று கேட்டுவிட்டு என்னுடையதைக் கிழித்தெறிந்தார். அம்மா தன்னுடையதைத் தொட விடவில்லை. பிறகு அம்மா பொங்கலூரில் தம்பி வீட்டுக்கே போய்விட்டார். நல்ல கனமான உடம்புக்காரரான அவருக்கென்று எடுத்த கெட்டி மெத்தை, உறையோடு, பக்கத்து அறையில் கிடந்தது.

இந்த ஆண்டு தொடக்கத்தில், உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு அக்காவின் வீட்டுக்குப் போனபோது அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கலாம் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மாவுக்காக ராபின் ஆன்லைனில் ஒரு மெத்தை வரவழைத்திருந்தார். சுருட்டிப் பெட்டியில் வந்து, பிரித்ததும் தோசை மாவு போலப் பொங்கி எழுகிற வகை. அக்காவின் கனத்துக்கு அது ஆளை உள்ளே வாங்கியது. எத்தனை தலையணை அடுக்கினாலும் சரிந்து பள்ளத்தில் போய் மடங்குவார், மூச்சு அடைக்கும். மகனிடம் பூ மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டிவி பார்த்தபடியே கண்ணசந்ததாகச் சாக்கு சொல்லி நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் மாறும்போதெல்லாம் எழுந்துகொள்ள, அந்தோணி அண்ணன் நாற்காலிக்குக் கீழே பாயில் படுத்திருந்தார். இரண்டு பேரும் தூங்கவில்லை.

யாருடைய முகத்துக்கு நேராகவும் உண்மையைச் சொல்கிறவர் இதை ஏன் மறைக்கிறார் என்று கேட்டேன். "கஸ்டமரு நான் பெத்த பிள்ளையா டீச்சர்? ஆசையா வாங்கியிருக்கான். சொல்லிராதீங்க" என்றார்.

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. அது என் குணம். பல நேரம் அதை நாகரிகம் என்று சொல்லிக்கொள்வேன். இரண்டு வாரம் அப்படியே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரம் அவர் கால்கள் இன்னும் வீங்கியிருப்பதைப் பார்த்தபின், வாசலில் ராபினை நிறுத்தி, அந்த மெத்தையில் நீங்கள் படுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"கையில அழுத்திப் பாத்தேனுங்க மேடம். மெத்துன்னு இருந்துச்சுங்க" என்றார்.

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நேராக உள்ளே போய், அம்மாவின் கண் முன்னாலேயே அந்த மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தார். ராபினும் அம்மாவைப் போலக் கனத்த உடம்பு. அக்கா நாற்காலியிலிருந்து குனிந்தார். வழக்கம் விடவில்லை, மகனின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்தார். கை போகவில்லை. கையை எடுக்காமலே மகனைப் பார்த்தார்.

"போகலம்மா" என்றார் ராபின்.

"போகலடா" என்றார் அக்கா.

அந்த ஞாயிறன்று என் அம்மாவின் மெத்தையைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். உறையைப் பார்த்து அக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்; இன்னும் மழைக்கோட்டைக் கழற்றவில்லையா என்றார். கடையில் அவரோடு வேலை செய்தவர்கள் கெட்டி ஃபோமைச் சரிவாக வெட்டி, திரைக்கு வாங்கியதில் மிஞ்சிய சாம்பல் துணியில் உறை தைத்துக் கொண்டுவந்தார்கள். அதில் சாய்ந்து வலப்பக்கமாகப் படுத்த அக்கா, தன் இடுப்புக்குக் கீழே தானே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார்.

அதே வாரம் மருத்துவர் நீர் போகும் மாத்திரையையும் கூட்டியிருந்தார். இரண்டு மாற்றங்கள் ஒரே வாரத்தில் நடந்தால் எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதை நான் அக்காவிடமே சொன்னேன். "எது செஞ்சா என்ன டீச்சர், தூங்குனது நான்தான?" என்றார். அதன்பின் இரண்டரை மாதம் படுத்துத்தான் தூங்கினார்.

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெரிய தத்துவம் எதுவுமல்ல. ஒன்றைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதன் மேல் யார் படுக்கப் போகிறார்களோ அவர்களைக் கேட்க வேண்டும். கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டும். இரண்டு வாரம் தாமதமாகவேனும் அன்று வாசலில் நான் கேட்டேன் என்பதில் எனக்கு ஆறுதல்.

உயிர் போன மெத்தையை வீட்டில் வைக்கக் கூடாது என்று உறவினர்கள் சொன்னார்களாம். அதை எடுத்துப்போக ராபின் வியாழக்கிழமை மாலைக்கு வண்டி சொல்லியிருந்தார். கல்லூரி முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாசலில் நின்றது. ராபின் கதவருகே நின்று, சத்தம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். உள்ளே அந்த மெத்தையில் அந்தோணி அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார், இடப்பக்கமாக ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்திருக்க. காலை பத்து மணியிலிருந்து அப்படியேதான் இருக்கிறாராம்.

வண்டிக்காரரிடம், மெத்தை எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.