நான் நிறுத்தச் சொன்ன தண்ணீர்

கணவர் சவுதியில் இருக்கிறார். திருச்சுழி பக்கத்துக் கிராமத்தில் நான் மட்டும் இருக்கிறேன். பல்வலிக்காக அருப்புக்கோட்டை போனேன். நான்கு நாள் விடுமுறை முடிந்து அன்றுதான் கிளினிக் திறந்திருந்தார்கள். பல்லில் தண்ணீர் அடிக்கும் கருவியைத் திறந்து, நர்ஸ் சும்மா ஓடவிட்டாள். வாரம் ஒருமுறை வரும் தண்ணீருக்காகக் குழாயடியில் நிற்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, தண்ணிய இப்பிடி வீணாக்குறீகளே!"

பாவம், உடனே மூடிவிட்டாள். டாக்டர் அதே கருவியால் என் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஈறு வீங்கிக் காய்ச்சல் வந்தது. கணவர் வீடியோ காலில் கூப்பிட்டார். வீங்கிய முகம் தெரியாதபடி கேமராவை அணைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

மறுநாள் கிளினிக் போய், தண்ணீரை நிறுத்தச் சொன்னதையும் சொன்னேன்.

"லீவுல டியூப்ல தேங்குன தண்ணியில கிருமி வளரும்மா. அதத்தான் ஓடவிட்டுக் கழிப்போம். அதுனாலயும் வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். மாத்திரையில் குணமானது.

இப்போதெல்லாம் நாற்காலியில் சாய்ந்ததும், "தண்ணிய கொஞ்சம் ஓடவிடும்மா" என்று நானே சொல்கிறேன். கணவர் கூப்பிட்டால் கேமராவை அணைப்பதில்லை. வலித்தால், வலிக்கிறது என்கிறேன்.