பிள்ளையார் தெரிந்தெடுத்த பாடம்

உயிரியல் விஞ்ஞானப் பட்டதாரி என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்கிறேன். அந்தப் பட்டத்தின் மூன்றாம் வருட விருப்பப் பாடத்தை வாய்க்கால் கரைப் பிள்ளையார் கோவிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு முந்திய வாரம்தான் வகுப்பில் பரிணாமத்தைப் பற்றி முழங்கியிருந்தேன். பரிணாமம் என்னைத் தொடாமலே கடந்து போயிருக்கிறது.

போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தாலும் வெள்ளி பின்னேர பஸ்ஸில் வட்டக்கச்சிக்கு வந்துவிடுவேன். வீட்டில் அக்கா மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் போனபின் வயலையும் என்னையும் தனியாளாகச் சுமந்தவர் அவர். பூச்சியியலா, நன்னீர் மீனியலா என்று நான் இழுபட்டபோது, "பூச்சியை எடு" என்றார் ஒரே சொல்லில். எனக்கோ மீனில் கண். படகில் ஏறலாம், வரவு பார்க்கமாட்டார்கள் என்று மூத்த மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். அக்காவின் மனம் எனக்கு விளங்கியது. முந்திய போகத்தில் தத்திப் பூச்சி அடித்து நெற்பயிர் கருகியிருந்தது. தம்பி பூச்சி படித்து விவசாய அதிகாரியாக ஊரோடு வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த மனுசி சேற்றில் நிற்கிறார்.

வழக்குத் தீராமல் பிள்ளையாரிடம் போனோம். செவ்வரத்தம்பூ பூச்சிக்கு, நந்தியாவட்டை மீனுக்கு. இரண்டையும் வாழையிலையில் சுற்றிப் போட்டோம். ஐயர் எடுத்தார். செவ்வரத்தை. சரியாகக் குலுக்கவில்லை என்றேன். மறுபடியும் செவ்வரத்தை.

"இன்னும் ஒருக்கா எடுங்கோ ஐயா."

"எடேய், பிள்ளையாரிட்டையும் மறு எண்ணிக்கையோ கேக்கிறாய்?" என்றார் அக்கா.

"எடுக்கிறன் தம்பி, ஆனா பூ வாடிப்போச்சு" என்றார் ஐயர்.

மூன்றாம் முறை நந்தியாவட்டை வந்தது. கடைசித் தீர்ப்பே செல்லும் என்று நானே அறிவித்தேன். அக்கா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்.

அந்த அரையாண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் களவேலை. படகில் ஏற்றவுமில்லை, வரவு பார்க்காமல் விடவுமில்லை. இரணைமடுக் குளக்கட்டில் வெயிலில் குந்தியிருந்து மீன்களின் நீளத்தை அளந்தேன். எனக்குக் கீழே மதகால் பாய்ந்த தண்ணீர் அக்காவின் வயல் பக்கம்தான் போனது. பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. நேர்முகத்தில் விருப்பப் பாடம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் அக்காவின் கனவை ஒரு மீனுக்காக விற்றவன் என்ற நினைப்பு, களைத்துப்போன பின்னேரங்களில் கதிரை போட்டு என் முன்னால் உட்காரும்.

போன மாதம் அக்காவின் மகள் தொலைபேசியில் எடுத்தாள். அவளும் உயிரியல்தான், எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று கேட்டாள். எதை எடுத்தாலும் கடைசியில் கரும்பலகையும் வெண்கட்டியும்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். இத்தனை வருடம் சுமந்ததை அன்று இறக்கிவைத்தேன்: அவர் ஆசைப்பட்ட விவசாய அதிகாரியாக நான் வராததற்கு மன்னிப்புக் கேட்டேன்.



"அதிகாரியோ? ஆரடாப்பா கேட்டது? பூச்சி வகுப்பு சனிக்கிழமை இல்லையெண்டு நீதானே சொன்னனீ. எங்கட வயலுக்கு முறைத்தண்ணி வாறது சனிக்கிழமை. வாய்க்கால் மறிக்க எனக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."